முட்டையை எப்போது கழுவுவது?

கொக்கரிப்புக் கேட்டதும் விறகடுக்குக்குப் பின்னால் கையை விட்டு எடுக்கும் முட்டை இளஞ்சூடாக இருக்கும். ஒரு பக்கம் வெள்ளைவெளேர். திருப்பினால் மறுபக்கத்தில் நகக்கண் அளவுக்கு எச்சம், அதில் ஒட்டிய நாலைந்து மணற்பருக்கை, ஒரு சின்ன இறகு. இதைக் கழுவி வைப்பதா, துடைத்து வைப்பதா, அப்படியே வைப்பதா? சாய்ந்தமருதில் வளவில் நாலு கோழி வளர்க்கிற வீடுகளில் இந்தக் கேள்விக்கு ஒரே விடை இல்லை. உலக நாடுகளிடமும் இல்லை. அமெரிக்கா கழுவச் சொல்கிறது, ஐரோப்பா கழுவாதே என்கிறது, ஜப்பான் கழுவிவிட்டுப் பச்சையாகவே உண்கிறது. இஸ்லாமியச் சட்டப்பள்ளிகளில் ஒன்றான ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் இதே கேள்வியை எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு கோணத்திலிருந்து எடுத்துப் பேசியிருக்கின்றன.

இந்த விடைகள் எங்கே பிறந்தன, அவை அம்பாறைக் கரையோரத்தில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

மாரியும் கச்சானும்

கிழக்கே கடல், மேற்கே கரைவாகு வயல், இடையில் மணல் மேட்டில் நெருங்கிக் கட்டிய வீடுகள். இதுதான் சாய்ந்தமருது. இங்கே ஊர்க்கோழிக்குத் தனிப் பண்ணை கிடையாது. சமையலறைக் கழிவு, தவிடு, குருணல், மண்ணைக் கிளறினால் கிடைக்கும் புழுபூச்சி என்று அது தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். முட்டையிடும் இடத்தையும் அதுவேதான் தேர்ந்தெடுக்கும்: பழைய கடகம், விறகுக் கட்டு, சில வீடுகளில் கட்டிலின் அடி.

ஆண்டில் இரண்டு காலங்கள் முட்டைக்குச் சோதனையானவை. வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாரியில் வளவு சேறாகும். கோழியின் கால் சேறு கூட்டுக்குள் போகும், கூட்டின் வைக்கோல் நனையும், முட்டை அழுக்காகும். வரண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் முட்டை துப்புரவாகக் கிடைக்கும். ஆனால் பகல் வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டி நிற்பதால் அது விரைவாகக் கிழடாகும். மாரியின் பிரச்சினை அழுக்கு, கச்சானின் பிரச்சினை சூடு. முட்டையைப் பற்றிய உலகத்து விவாதங்களில் பெரும்பகுதி அழுக்கைப் பற்றியதாகவே இருந்து வந்திருக்கிறது. நமக்குச் சூடும் அதே அளவு முக்கியம் என்பதை முதலிலேயே குறித்துக்கொள்வது நல்லது.

ஓட்டுக்கு மேல் ஒரு தோல்

முட்டை ஓட்டில் ஏறத்தாழ 95 சதவீதம் கல்சியம் காபனேற்று. கண்ணுக்கு மூடியதுபோல் தெரிந்தாலும் அதில் 7,000 முதல் 17,000 வரை நுண்துளைகள் உண்டு. உள்ளே குஞ்சு வளர்ந்தால் அது மூச்சுவிட வழி வேண்டும் அல்லவா? அந்த வழி கிருமிக்கும் வழியாகிவிடாமல், முட்டை வெளியே வருவதற்குச் சற்று முன்பு கோழியின் உடல் ஓட்டின்மேல் மெல்லிய புரதப் பூச்சு ஒன்றைப் பூசிவிடுகிறது. இட்ட கணத்தில் ஈரமாக மினுங்கும் இந்தப் பூச்சு சில நிமிடங்களில் காய்ந்து துளைகளின் வாயை அடைக்கும். புது முட்டையைத் தடவினால் கைக்குப் படும் மாவுபோன்ற மங்கல் இதுதான். கழுவி உரசிய முட்டை வழுவழுவென்று பளபளக்கும். சந்தையில் அந்தப் பளபளப்பைப் புதுமையின் அடையாளமாகப் பார்க்கிறவர்கள் பலர். உண்மை நேர்மாறு.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 பாகை. வெளியே வந்த முட்டை ஆறும்போது உள்ளிருப்பது சுருங்குகிறது, அந்தச் சுருக்கம் வெளிக்காற்றை உள்ளிழுக்கிறது. முட்டையின் பருத்த முனையில் இருக்கும் காற்றறை அப்படித்தான் பிறக்கிறது. அந்த நேரத்தில் ஓடு ஈரமாக இருந்தால் காற்றோடு நீரும், நீரோடு கிருமியும் உள்ளே போகும். கேம்பிரிட்ஜின் தாழ்வெப்ப ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஹெயின்ஸும் மோரனும் 1940இல் இதைச் செய்து காட்டினார்கள். சூடான முட்டையைக் கிருமி கலந்த குளிர்ந்த நீரில் இட்டபோது, கிருமி ஓட்டைக் கடந்து உள்ளே இழுக்கப்பட்டது. முட்டைச் சுத்தம் பற்றிப் பின்னால் வந்த எல்லா வாதங்களும், கழுவு என்றவர்களின் வாதமும் கழுவாதே என்றவர்களின் வாதமும், இந்த ஒரு பரிசோதனையை ஏதோ ஒரு வழியில் தொட்டே செல்கின்றன.

கழுவு என்போர்

அமெரிக்காவில் விவசாயத் திணைக்களத்தின் தரமுத்திரை பெறும் முட்டை கழுவப்பட்டே ஆகவேண்டும். ஆனால் அங்கே ‘கழுவுதல்’ என்ற சொல்லுக்குப் பொருள் வேறு. நீர் குறைந்தது 32 பாகை இருக்கவேண்டும். முட்டையைவிட 11 பாகையாவது சூடாக இருக்கவேண்டும். அப்போதுதான் உள்ளிருப்பது விரிந்து வெளித்தள்ளும், நீரை உள்ளிழுக்காது. பிறகு கிருமிநீக்கியால் அலசி, உடனே உலர்த்தி, 7 பாகை அளவில் குளிரூட்டி, கடை வரைக்கும் அந்தக் குளிர் அறுபடாமல் கொண்டுபோகவேண்டும். ஜப்பானியர் ஒருபடி மேலே. சோடியம் ஹைப்போகுளோரைட் கலந்த வெந்நீரில் கழுவிய முட்டையைச் சுடுசோற்றின்மேல் பச்சையாகவே உடைத்து ஊற்றி உண்பது அங்கே அன்றாடம்.

இந்த நிலைப்பாட்டின் வலிமை தெளிவு: அழுக்கோடு கிருமியும் போய்விடுகிறது, முட்டையைத் தொடும் கையும் உடைக்கும் பாத்திரமும் தப்புகின்றன. அதன் பலவீனம் அது ஒரு சங்கிலி என்பது. சூட்டை அளக்கும் கருவி, கிருமிநீக்கி, உலர்த்தும் காற்று, குளிர்வண்டி. இவற்றில் ஒன்று அறுந்தாலும், பூச்சை இழந்த முட்டை கழுவாத முட்டையைவிட மோசமான நிலைக்கு வந்துவிடும். வீட்டுக் குசினியில் குழாயடியில் பிடித்து விரலால் தேய்க்கிறவர் இந்தச் சங்கிலியின் முதற் கண்ணியை மட்டும் எடுத்துக்கொள்கிறார். அமெரிக்க முறையை அவர் பின்பற்றவில்லை. அதன் ஆபத்தான பாதியை மட்டுமே பின்பற்றுகிறார்.

கழுவாதே என்போர்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு 589ஆம் இலக்க ஒழுங்குவிதி ஏ தர முட்டைகளைக் கழுவவோ வேறுவகையில் துப்புரவாக்கவோ கூடாது என்றது. விலக்கு உண்டு: நெடுங்காலமாகக் கழுவிவந்த சுவீடன் போன்ற இடங்களுக்கு அனுமதி தொடர்ந்தது. தடையின் பின்னாலிருந்த சிந்தனை இரண்டு. இயற்கைப் பூச்சைக் காப்பது முதலாவது. இரண்டாவது இன்னும் நுட்பமானது: பின்னால் கழுவிக்கொள்ளலாம் என்ற வழி திறந்திருந்தால் பண்ணைக்காரர் கூட்டைத் துப்புரவாக வைக்கமாட்டார். கழுவத் தடை போட்டால், விற்கத்தக்க முட்டை வேண்டுமென்றால் கூடு சுத்தமாக இருந்தே தீரவேண்டும். சட்டம் முட்டையைப் பற்றிப் பேசினாலும் அதன் குறி கூடு.

வீட்டுக்கோழிக்கு மிக எளிதாகப் பொருந்தும் வாதமும் இதுதான். வாரத்துக்கு ஒருமுறை வைக்கோலை மாற்றுவது, கோழி இரவில் அடையும் கொம்புக்கு நேர்கீழே முட்டையிடும் பெட்டியை வைக்காதிருப்பது, காலையும் பின்னேரமும் முட்டையை எடுத்துவிடுவது: இவை செய்யப்படும் வீட்டில் கழுவவேண்டிய முட்டையே கொஞ்சமாகத்தான் இருக்கும். உமியும் உலர்ந்த வைக்கோலும் வயலோரத்து ஊரில் தேடி அலையவேண்டிய பொருள்களும் அல்ல.

ஆனால் ஐரோப்பிய விடை மாரியைக் கண்டதில்லை. மூன்று நாள் விடாமழையில் எந்தக் கூடு காய்ந்திருக்கும்? அழுக்கு முட்டைக்கு ஐரோப்பிய வணிக முறை தரும் வழி, அதைத் தரம் இறக்கித் தொழிற்சாலைக்கு அனுப்புவது. நாலு கோழிக்காரரிடம் அந்தத் தொழிற்சாலை இல்லை. ‘உலர்ந்த முறையில் துடை’ என்ற இடைவழியும் முழு விடையாகாது. மெல்லிய துணியாலோ கைவிரலாலோ உதிரும் மண்ணை உதிர்த்துவிடலாம். காய்ந்த எச்சத்தைத் தென்னந்தும்பால் உரசினால் பூச்சும் சேர்ந்து உரியும். ஈரத்துணியால் துடைப்பது எல்லாவற்றிலும் மோசம்: ஓரிடத்து அழுக்கை ஓடு முழுவதும் பூசி, ஈரத்தையும் கொடுத்துவிட்டுப் போகிறது.

பிக்ஹு நூல்கள் சொல்வது

மேற்கத்திய நூல்களில் காணாத, ஆனால் இந்த ஊரின் குசினிகளில் மிகவும் வேலை செய்கிற ஒரு நிலைப்பாடு பிக்ஹு எனப்படும் இஸ்லாமியச் சட்டவியலில் உண்டு. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் எல்லா உயிரினங்களின் எச்சமும் நஜீஸ், அதாவது அசுத்தம். மாலிகி, ஹன்பலி மத்ஹபுகள் உண்ணத்தக்க பிராணிகளின் எச்சத்தில் தளர்வு காட்டுகின்றன. ஹனபி மத்ஹப் கோழி எச்சத்தைக் கடுமையான அசுத்தமாகவே கருதுகிறது. ஆகவே எச்சம் ஒட்டிய முட்டையை அப்படியே பானையில் போட்டு அவித்தால் நீரின் நிலை என்ன, பாத்திரத்தின் நிலை என்ன என்ற கேள்விகள் எழுகின்றன. நம் மூத்தம்மாமார் முட்டையைக் கழுவாமல் அவிக்க விடாததற்கு நுண்ணுயிரியல் காரணம் அல்ல, இதுவே காரணம்.

எச்சமே இல்லாத துப்புரவான முட்டையையும் கழுவவேண்டுமா? 1277இல் மறைந்த இமாம் நவவி தமது அல்மஜ்மூஃ நூலில் இதை எடுத்துக்கொள்கிறார். உண்ணத்தக்க பறவையின் முட்டை சுத்தமானது என்பதில் பேதம் இல்லை. வெளியோட்டைக் கழுவுவது கட்டாயமா என்பதில் இரு கருத்துகள் இருப்பதைக் குறிப்பிடுகிறார். முட்டை வெளிவரும் வழியின் ஈரத்துக்கு என்ன சட்டம் என்பதிலிருந்து அந்தப் பிரிவு வருகிறது. கழுவுவது கட்டாயமில்லை என்று உறுதியாகச் சொன்ன அறிஞர்களும் உண்டு.

இங்கே கவனிக்கவேண்டியது, பொதுவாக மோதிக்கொள்வதாகத் தோன்றும் இரு தரப்புகள் உண்மையில் மோதவில்லை என்பது. பிக்ஹு கேட்பது எச்சம் பானைக்குள் போகக்கூடாது என்று. எடுத்த உடனேயே கழுவு என்று அது கேட்கவில்லை. நுண்ணுயிரியல் கேட்பது கழுவிய முட்டையைச் சேமிக்கக்கூடாது என்று. உடைக்கும் முன் கழுவாதே என்று அது கேட்கவில்லை. கழுவாமல் சேமித்து, சமைக்கும் வேளையில் கழுவினால் இரண்டும் நிறைவேறும். கேள்வி கழுவலாமா என்பதல்ல, எப்போது என்பதே. நூற்றாண்டுச் சச்சரவில் கணிசமான பகுதி இந்தக் காலக்கேள்வியைக் கவனிக்காததால் வந்தது என்றே தோன்றுகிறது.

எப்படிக் கழுவுவது என்பதிலும் இரண்டும் ஒன்றையே சொல்கின்றன. ஷாபிஈ சட்டத்தில் இரண்டு குல்லத்துக்கு, அதாவது ஏறத்தாழ 200 லீட்டருக்கு, குறைவான நீரில் நஜீஸ் விழுந்தால் நீர் கெட்டுவிடும். ஆகவே அசுத்தப் பொருளைச் சட்டி நீரில் முக்குவதில்லை, அதன்மேல் நீரை ஊற்றுவதே முறை. இன்றைய முட்டைச் சுகாதாரமும் ஒரே சட்டித் தண்ணீரில் பத்து முட்டையை ஊறப்போடாதே, ஒரு முட்டையின் கிருமி ஒன்பதுக்கும் பரவும் என்கிறது. ஒன்று தூய்மையைப் பற்றியது, மற்றது நோயைப் பற்றியது. இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிடக் கூடாது. ஆனால் கை செய்யும் வேலை ஒன்றுதான்.

கண்டதையும் தின்னும் கோழி பற்றியும் பழைய சட்டம் பேசியிருக்கிறது. அசுத்தத்தையே உணவாகக் கொண்ட பிராணியை ஜல்லாலா என்பார்கள். அதன் இறைச்சியையும் பாலையும் தடுக்கும் ஹதீஸ் அபூதாவூத், திர்மிதி தொகுப்புகளில் இருக்கிறது. அத்தகைய கோழியை இப்னு உமர் மூன்று நாள் கட்டிவைத்துத் தீனி போட்ட பின்பே உண்டதாகவும் அறிவிப்பு உண்டு. வளவு மூலையில் பொலித்தீனும் பழைய வயரும் எரிக்கப்பட்டு, அந்தச் சாம்பலைக் கோழி கிளறும் காலத்தில் இந்தப் பழைய கவலைக்குப் புதிய பொருள் வந்திருக்கிறது. கானாவின் அக்போகுளோஷி மின்கழிவு மேட்டருகே மேய்ந்த கோழிகளின் முட்டையில் மிக உயர்ந்த அளவில் டையொக்சின் இருந்ததை 2019இல் வெளியான அறிக்கை காட்டியது. சிட்னி வீட்டுத் தோட்டங்களில் மண்ணின் ஈயம் முட்டைக்குள் வந்து சேர்வதையும் ஆய்வாளர் அளந்திருக்கிறார்கள். இவை நம் ஊரின் அளவுகள் அல்ல, எச்சரிக்கைகள். ஆனால் ஒன்று உறுதி: இந்த வகை அழுக்கைக் கழுவவும் முடியாது, அவிக்கவும் முடியாது. மூன்று நாளில் போய்விடக்கூடியதும் அல்ல.

கிணற்றுத் தண்ணீர்

கழுவு என்போரும் கழுவாதே என்போரும் ஒன்றைக் கேள்வியின்றி எடுத்துக்கொள்கிறார்கள்: நீர் சுத்தமானது. இந்தக் கரையோரத்தில் அதுதான் முதலில் கேட்கவேண்டிய கேள்வி.

மணலில் வெட்டிய கிணறுகள் ஆழமில்லாதவை. வீடுகள் நெருக்கமானவை. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே இருக்கவேண்டிய தூரம் சின்ன வளவுகளில் கிடைப்பதில்லை, மணல் எதையும் வடிய விட்டுவிடும். 2004 டிசம்பர் 26 சுனாமி இக்கரையின் கிணறுகளை உப்பாக்கி, அழுக்காக்கிவிட்டுப் போனது. அதன்பின் குழாய்நீர் பரவலானாலும் கைகால் கழுவவும் பாத்திரம் விளக்கவும் கிணறு இன்றும் புழக்கத்தில் உண்டு. மாரி வெள்ளத்தில் தோணா என்னும் நீர்வழி நிரம்பும் நாள்களில் நிலத்தடி நீர் மேலே வந்து, குழிக்கும் கிணற்றுக்கும் இருந்த இடைவெளியும் குறைகிறது. முட்டை அதிகம் அழுக்காவதும் அதே நாள்களில்தான். அதாவது கழுவத் தோன்றும் காலமும் கழுவும் நீர் மோசமாக இருக்கும் காலமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. அப்போது இறைத்த குளிர்ந்த கிணற்று நீரில் இளஞ்சூட்டு முட்டையைக் கழுவுவது, ஹெயின்ஸும் மோரனும் ஆய்வுகூடத்தில் செய்ததை முற்றத்தில் செய்வதுதான்.

இதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. முட்டை வெண்கருவுக்குச் சொந்தப் பாதுகாப்பு இருக்கிறது. அதிலுள்ள லைசோசைம் என்ற நொதியம் பக்டீரியாவின் சுவரைக் கரைக்கும். இன்னொரு புரதம் கிருமிக்கு வேண்டிய இரும்பை இறுகப் பிடித்து வைத்துக்கொண்டு அதைப் பட்டினி போடும். நாளாக ஆக வெண்கரு காரத்தன்மை அடைவதும் கிருமிக்குப் பாதகம். 1960இல் கரிபால்டியும் பெய்னும் இந்த இரும்புப் பாதுகாப்பின் மறுபக்கத்தை ஆராய்ந்தார்கள். இரும்பு கூடிவிட்டால் சூடோமொனாஸ் வகைக் கிருமி முட்டையை விரைவாக அழுகச் செய்கிறது. புரதம் பிடிக்கக்கூடிய அளவுக்கு மேல் இரும்பு கிடைத்தால் பட்டினி முடிந்துவிடுகிறது அல்லவா? இதனாலேயே பெரிய கழுவுநிலையங்களில் நீரின் இரும்பு அளவையும் பார்க்கிறார்கள். வாளியில் சிவப்புக் கறை படியவைக்கும் கிணறோ குழாய்க்கிணறோ உள்ள வீடு, முட்டையைக் கழுவி வைக்க மிகப் பொருத்தமற்ற வீடு.

நீர் வழங்கல் சபையின் குளோரின் கலந்த குழாய்நீர், அல்லது கொதிக்கவைத்து இளஞ்சூடாக ஆற்றிய நீர், கிணற்று நீரைவிடப் பாதுகாப்பானது என்பதில் ஐயத்துக்கு இடம் குறைவு. சவுக்காரம் எதற்கும் வேண்டாம்.

ஓட்டுக்குள்ளேயே இருந்தால்?

1980கள் வரை முட்டைக் கிருமி என்றால் வெளிக்கிருமிதான். பிறகு தெரியவந்தது, சல்மொனெல்லா என்டரிடிடிஸ் என்ற வகை கோழியின் சூலகத்திலேயே குடியிருந்து, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் புகுந்துவிடுகிறது என்று. 1988இல் அமெரிக்க ஆய்வாளர்கள் துப்புரவான, வெடிப்பில்லாத, முதல்தர முட்டைகளிலிருந்து நோய் பரவியதைக் காட்டினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பிரித்தானியச் சுகாதாரத் துணையமைச்சர் எட்வினா கரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி பாதிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லி, எழுந்த கூச்சலில் பதவியை விட்டார். விற்பனை சரிந்தது. அங்கே தீர்வு வந்தது கழுவுதலால் அல்ல. கோழிகளுக்குத் தடுப்பூசியும் 1998இல் தொடங்கிய சிங்க முத்திரைத் திட்டமும் சேர்ந்து நோயை வீழ்த்தின. 2017இல், அந்த முத்திரை முட்டையை அரைவேக்காட்டில் கர்ப்பிணிகளும் உண்ணலாம் என்று உணவுத் தரநிலை முகமை அறிவித்தது.

கழுவாத பிரித்தானியாவும் கழுவும் சுவீடனும் இரண்டுமே சல்மொனெல்லாவைக் கட்டுப்படுத்தியிருக்கின்றன என்பது கழுவுதல் விவாதத்தின் எடையையே குறைத்துவிடுகிறது. தீர்மானித்தது கோழியின் உடல்நலம். ஆனால் அந்தத் தடுப்பூசித் திட்டங்கள் பெரும் பண்ணைகளுக்கானவை, வளவுக் கோழி அவற்றின் கணக்கில் வருவதில்லை. ஊர்க்கோழி முட்டை மருந்து படாதது, ஆகவே பாதுகாப்பானது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமானது. ஊசி படாதது என்பது இந்த விடயத்தில் நற்சான்று அல்ல.

ஆபத்து பெரிதென்றும் சொல்லமுடியாது. அமெரிக்காவில் 20,000 முட்டைக்கு ஒன்றில் உட்கிருமி இருக்கலாம் என்பது பலகாலம் சொல்லப்பட்ட மதிப்பீடு. அந்த ஒன்று எப்படி உண்ணப்படுகிறது என்பதே முக்கியம். பெருநாள் வட்டிலப்பம் இறுகும்வரை ஆவியில் வேகிறது, அங்கே அச்சம் இல்லை. முட்டை அப்பத்தின் நடுவில் ததும்பும் மஞ்சட்கரு வேறு கதை. பூப்பெய்திய பெண்பிள்ளைக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் நல்லெண்ணெயோடு பச்சை முட்டை கொடுக்கும் பழைய வழக்கம் அதைவிடக் கவலைக்குரியது. உடல் தளர்ந்திருக்கும் வேளையில், வேகாத முட்டை. அந்த ஊட்டத்தை அவித்த முட்டையும் தரும். இன்னும் சொன்னால், வெண்கருப் புரதம் வெந்த பிறகுதான் நன்றாகச் செரிக்கும்.

தண்ணீரில் போட்டுப் பார்ப்பது

வீட்டுச் சோதனைகளில் மூன்று நிலைத்திருக்கின்றன: தண்ணீரில் போடுவது, காதருகே குலுக்குவது, வெளிச்சத்தில் பிடிப்பது. மூன்றும் காற்றறையையே வெவ்வேறு விதமாக அளக்கின்றன. நாளாக ஆகத் துளைகளால் ஈரம் வெளியேறும், காற்றறை பெரிதாகும், முட்டையின் எடை குறையும். புதியது படுத்துக் கிடக்கும், பழையது நிமிர்ந்து நிற்கும், மிகப் பழையது மிதக்கும்.

முட்டையின் வயதை அறிய இது நல்ல முறை. பாதுகாப்பை அறிய அல்ல. நேற்று இட்ட, சல்மொனெல்லா உள்ள முட்டை கல்லுப்போல அடியில் கிடக்கும். காற்றறை பெருத்து மிதக்கும் முட்டை கெட்டே போயிருக்கவேண்டும் என்பதும் இல்லை. தனிக் கிண்ணத்தில் உடைத்து மணந்து பார்த்தால் கூழ்முட்டை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். சேமிக்கும் முன் எல்லாவற்றையும் ஒரு வாளியில் போட்டுச் சோதிப்பவர் அறியாமலே எல்லாவற்றையும் ஒரே நீரில் கழுவிவிடுகிறார் என்பதும் மறக்கப்படுகிறது. இந்தச் சோதனையும் சமைக்கும் நேரத்துக்கே உரியது.

இருட்டறையில் பருத்த முனையில் டோர்ச்சை ஒட்டிப் பிடித்துப் பார்ப்பது மூன்றிலும் சிறந்தது. மயிரிழை வெடிப்பும் காற்றறையும் குருதிப்புள்ளியும் தெரியும், முட்டை நனைவதும் இல்லை. சேவலோடு திரியும் கோழியின் முட்டைக்கு இது இன்னும் தேவை. கரு வளரத் தொடங்கும் அடிவெப்பத்தை ஆய்வாளர் 20க்கும் 27க்கும் இடைப்பட்ட வெவ்வேறு அளவுகளாகச் சொல்கிறார்கள். கச்சான் காலத்துக் குசினி எந்தக் கணக்கிலும் அதற்கு மேல்தான். அடைக்கோழி இல்லாமலே கரு அரைகுறையாக வளர்ந்து செத்துப்போகும். உடைத்தபோது குருதிநரம்பு தெரிந்தால் அது பெரும்பாலும் கோழியின் குற்றம் அல்ல, வைத்திருந்தவரின் தாமதம். வளர்ச்சியில்லாத முட்டையில் தனித்து நிற்கும் சிவப்புப் புள்ளி வேறு: முட்டை உருவாகும்போது சிறு நாளம் ஒன்று வெடித்ததன் அடையாளம். குருதியாகவே மாறிய முட்டையின் சட்டம் பற்றிப் பிக்ஹு அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு, அதில் ஆலிமைக் கேட்பதே முறை.

குளிர்ப்பெட்டி

குளிரில் முட்டை நெடுநாள் தாங்கும், கேள்வியில்லை. ஆனால் வைத்து வைத்து எடுப்பது நல்லதல்ல. கடற்கரையின் ஈரக்காற்றில் வெளியே வந்த குளிர்முட்டை வேர்க்கும். அந்த வேர்வை ஓட்டின்மேல் நீர்ப்படலம், ஆக மறுபடியும் பழைய கதை. 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்டில், அறுபடாத குளிர் என்பதை நிபந்தனையாக வைக்கும் எந்த முறையையும் சற்றுத் தயக்கத்தோடே ஏற்கவேண்டியிருக்கிறது. கதவுத் தட்டைவிட உள்தட்டு நல்லது. எங்கே வைத்தாலும் கூர்முனை கீழே இருக்கட்டும். அரிசிச் சாடிக்குள் முட்டையைப் புதைக்கும் பழக்கம் சூட்டைச் சற்று மட்டுப்படுத்தலாம். அழுக்கு முட்டையை அங்கே வைத்தால் கெடுவது அரிசி.

தீராமல் இருப்பவை

இதுவரை கிடைத்த சான்றுகளை வைத்துச் சொன்னால், வளவு முட்டைக்கு ஐரோப்பிய விடையின் முன்பாதியும் பிக்ஹின் வழிமுறையும் சேர்ந்ததே இக்கரைக்கு மிகப் பொருந்துவதாகத் தெரிகிறது. கூட்டைக் காயவைத்து, நாளுக்கு இருமுறை எடுத்து, துப்புரவான முட்டையை நனைக்காமல் வைத்து, சமைக்கும் கணத்தில் நல்ல நீரை ஊற்றிக் கழுவி, பிறகு கையையும் கழுவுவது. அழுக்கானதும் வெடித்ததும் சேமிப்புக்கு உரியவை அல்ல. அழுக்கானதை அன்றே கழுவி நன்றாக வேகவைத்துவிடலாம். வெடிப்பின் ஊடாகக் கரு கசிந்ததை எறிந்துவிடுவதே நல்லது.

ஆனால் எத்தனை நாள் வைக்கலாம்? இங்கேதான் நம் கையில் நம்முடைய எண் எதுவும் இல்லை. ஜப்பானியர் பச்சையாக உண்ணத்தக்க காலத்தைக் கணிக்கப் பிரித்தானிய ஆய்வாளர் ஹம்ஃப்ரியின் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். உட்கிருமி விரைவாகப் பெருகத் தொடங்க எத்தனை நாளாகும் என்பதை வெப்பத்தை வைத்துச் சொல்வது அது. 10 பாகையில் ஏறத்தாழ 50 நாள், 25 பாகையில் 14, 30 பாகையில் 7 என்று அது தருகிறது. பெருநாள் வட்டிலப்பத்துக்காக மூன்று வாரம் முட்டை சேர்க்கும் வீட்டுக்கு அந்த 7 யோசிக்கவைக்கும் எண். எனினும் அது குளிர்நாட்டுப் பண்ணை முட்டையிலிருந்து பிறந்த கணக்கு. ஊர்க்கோழி முட்டை அளவில் சிறியது. அதன் ஓட்டின் தடிப்பும் மேற்பூச்சும் கோழிக்குக் கோழி, வயதுக்கு வயது மாறும். கடுஞ்சூட்டில் இளைக்கும் கோழி மெல்லிய ஓடு இடும். கடற்கரை மணலில் சிப்பித்துண்டு பொறுக்கும் கோழிக்கு அந்தக் குறை எவ்வளவு ஈடாகிறது? மாரிச் சேற்றிலும் கச்சான் சூட்டிலும் ஒரே முட்டை ஒரேவிதமாகத்தான் நடந்துகொள்கிறதா?

இவற்றை அளக்கப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. முட்டை நாளுக்கு எவ்வளவு எடை இழக்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். ஒரு மின்தராசு, ஒரு வெப்பமானி, ஒரு டோர்ச், பத்துப் பதினைந்து வீடுகள், ஒரு மாரி, ஒரு கச்சான் போதும். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது. அங்கிருந்து சாய்ந்தமருதின் வளவுகளுக்குச் சில கிலோமீற்றர்தான். இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர் யாராவது இதை எடுத்துக்கொள்ளவேண்டும்.